பக்கத்து வீட்டு ஐக்கியம்

எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர்தான். எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், எல்லா வீடும் ரயில் பெட்டி மாதிரி ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். வீடு கட்டினவன் வேலை மிச்சம் என்று இரண்டு வீட்டுக் கரண்ட் பிளக்கையும் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாக வைத்துவிட்டான். அங்கே ஒருத்தர் தும்மினால் இங்கே எனக்குத் திடுக்கென்று இருக்கும். நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. என் நாற்காலி அந்தப் பிளக்குப் பக்கத்தில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு நாலு பேரிடம் பேச வராது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். அந்த ஆறு வருஷத்தில் வாத்தியார் என் குரலைக் கேட்டிருப்பாரா என்பதே சந்தேகம். பிறகு முப்பது வருஷம் செம்பனை நாற்றங்காலில் பையில் மண் நிரப்பினேன். நாற்றுகள் பேச்சுக் கொடுக்காது, அதனால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வீட்டுக்காரர் தவறிப் போய்விட்டார். மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான், சனிக்கிழமைதான் வருவான். மற்ற ஆறு நாளும் நானும், சாமி படமும், வானொலியும்தான். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால்தான் இதை எழுதவாவது முடிகிறது.

அந்தப் பெண்கள் இரண்டு பேரும் மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக்குக் குடி வந்தார்கள். ஊழியம் செய்ய வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள். பெரியவள் அமெரிக்காவில் சோளம் விளைகிற ஏதோ ஓர் ஊர். என் கேட்டுக் கம்பியில் இடிக்காமல் இருக்கக் குனிந்து வருவாள். சின்னவள் பிலிப்பைன்ஸ்காரி, கடற்கரை ஊர், என் தோள் உயரம். ஜொகூர் பாருவில் இவர்களுக்கு மேலே ஒரு பொறுப்பாளர் இருந்தார். சீனப் பெண்மணி, வயது நாற்பது இருக்கும். அவரை இவர்கள் பெரிய அக்கா என்பார்கள். எங்கள் ஊர் சிம்பாங் ரெங்கத்துக்கு இந்த இரண்டு பேரையும் அனுப்பி வைத்தவர் அவர்தான். ஒன்றரை வருஷம் ஊழியம் செய்துவிட்டு வீடு திரும்ப வேண்டும் என்பது கணக்கு.

தமிழை அவர்கள் சபைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்திருந்தார்கள். முதல் நாள் காலையில் நான் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது, பெரியவள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஸ்திரீயே, உமக்குச் சமாதானம்" என்றாள்.

என்னைப் பெற்ற அம்மாகூட ஸ்திரீயே என்று கூப்பிட்டதில்லை. வாளியை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு மாதம் கழித்துச் சின்னவள் மற்றவர்களைப் பார்த்து என்னை ஆண்டி என்று கூப்பிடக் கற்றுக்கொண்டாள். பெரியவள் இறங்கி வந்தது தாயாரே வரைக்கும்தான்.

அவர்கள் குடும்பம் நடத்திய அழகைச் சொல்ல வேண்டும். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பார்கள். பாட்டு, ஜெபம், கஞ்சி மாதிரி ஒரு ஓட்ஸ். ஒன்பது மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். நாலு மணிக்குத் தாமான் பிள்ளைகளுக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பார்கள். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் வீட்டுக்குள் தமிழ் மட்டுமே பேச வேண்டும் என்று ஒரு சட்டம். ஒருத்தி கண்ணிலிருந்து ஒருத்தி மறையக் கூடாது என்று இன்னொரு சட்டம். குளியலறைக்கு மட்டும் விலக்கு. ஒருத்தி கடைக்கு உப்பு வாங்கப் போனால் மற்றவளும் உப்பு வாங்கப் போவாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கைப்பேசி. ஒரு வாரம் இவளிடம், ஒரு வாரம் அவளிடம்.

ஒருநாள் அவர்கள் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். குளிர்பெட்டிக் கதவில் வேலைப் பட்டியல் ஒட்டியிருந்தது, தமிழில்தான். திங்கள்: தட்டு கழுவுதல், மகிழ்ச்சியோடு. செவ்வாய்: குப்பை, நன்றியோடு. புதன்: தரை துடைத்தல், துதியோடு. இப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மனநிலை எழுதியிருந்தது. கழிவறை கழுவுகிற சனிக்கிழமைக்கு மட்டும் எந்த மனநிலையும் எழுதவில்லை.

பட்டியலுக்கு மேலே பெரிய எழுத்தில் 'நமது ஐக்கியம்' என்று தலைப்பு. நான் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டில் அந்தச் சொல்லை ஒரே இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். சாவு நோட்டீசில். படத்தைப் போட்டு, கீழே இறைவனோடு ஐக்கியமானார் என்று போடுவார்கள். இவர்கள் ஊழியத்திலோ ஐக்கியம் என்றால் ஒன்றாகக் கூடி இருப்பதாம், கூட்டமாகச் சேர்ந்து ஜெபம் பண்ணுவதாம். பெரியவள்தான் விளக்கினாள். நான் தலையை ஆட்டிவிட்டுக் குழாயை இறுக்கிக் கொடுத்து வந்தேன். வெள்ளிக்கிழமை தோறும் ஏழு மணிக்கு ஐக்கியம், நீரும் வாரும் என்று பெரியவள் கூப்பிடாத வாரம் இல்லை. நான் போனதில்லை. போனால் ஏதாவது பேசச் சொல்வார்கள் என்ற பயம்தான். வேறு யாரும்கூடப் போனதில்லை. வெள்ளிக்கிழமைகளில் பத்து நாற்காலி போட்டு, அவர்கள் இரண்டு பேருமே உட்கார்ந்து, நாலு குரலுக்குச் சமமாகப் பாடுவார்கள்.

அந்த ஐக்கியத்தை உடைத்தது என் கருவாடு.

நான் கருவாடு பொரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சின்னவள் பின்சந்தில் வந்து நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தாள். கூரைமேல் மீன் காயப்போடுகிற வீட்டுப் பெண் அவள். முதல் தடவையாகச் சபைத் தமிழை விட்டுவிட்டு ஒன்று சொன்னாள்.

"ஆண்டி, இது எங்க அம்மா வாசனை."

ஒரு டின் நிறையப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் பெரியவள் டின்னைத் திறந்திருக்கிறாள். அவள் பிறந்த ஊரைச் சுற்றிக் கடலே கிடையாதாம். உள்ளே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்து, இடுக்கியால் எடுத்து, மூன்று பையில் சுற்றி, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நன்றியோடு போட்டிருப்பாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சட்டம் இருக்கிறதே, கண்ணிலிருந்து மறையக் கூடாது. அதனால் பேசாமலே ஒன்றாகச் சைக்கிள் ஓட்டினார்கள், பேசாமலே ஒன்றாகப் போய் உப்பு வாங்கினார்கள். வீடு வீடாகப் போய் அன்பைப் பற்றி மாறி மாறிப் பேசிவிட்டு, வாய்மூடித் திரும்பி வந்தார்கள்.

வாய்ச்சண்டைக்குத்தான் வழியில்லை. ஜெபத்துக்கு இருந்தது. சத்தமாக ஜெபம் பண்ண வேண்டும், தமிழில் பண்ண வேண்டும், ஒருத்தி முடித்ததும் மற்றவள் ஆமென் சொல்ல வேண்டும். விடிகாலை ஐந்து மணிக்குப் பிளக்கு வழியாக எல்லாம் என் காதில் வந்து விழும்.

"ஆண்டவரே, நேற்று சட்டியைக் கழுவாமல் படுக்கைக்குப் போன உம்முடைய அடியாளை மன்னியும்" என்று பெரியவள் தொடங்குவாள். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொல்வது இங்கே வரைக்கும் கேட்கும்.

பிறகு சின்னவள் முறை. "ஆண்டவரே, பிறருடைய மீனைக் குப்பையில் எறிந்தவளுக்கு நல்ல மனதைத் தாரும். அது நல்ல மீன் என்று நீர் அறிவீர்."

ஆமென் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வரும்.

நாளாக நாளாக ஜெபம் நீண்டுகொண்டே போனது. குறட்டை, சோப்பு, ஜன்னலை யார் திறந்து வைத்தார்கள் என்பது, எல்லாவற்றையும் ஆண்டவரிடம் சொன்னார்கள். பதினைந்து நிமிஷம் இருந்த ஜெபம் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. நான் தூக்கம் கெட்டு எழுந்து உட்கார்ந்து, எங்கள் மாரியம்மா படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்து என் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருப்பேன்.

ராத்திரிக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கைப்பேசியில்தான். இன்று உங்கள் ஐக்கியத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஜொகூர் பாருவிலிருந்து கேட்பார்கள். ஏழுக்குக் கீழே போட்டால் பெரிய அக்கா போன் போட்டுவிடுவார். அதனால் இரண்டு பேரும் ஆளுக்குப் பத்து போட்டார்கள். மூன்று வாரமும் பத்துக்குப் பத்து.

அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு புதன்கிழமை காலையில் பின்சந்தில் துணி காயப்போடும்போது சின்னவள் என் பக்கத்தில் வந்தாள். பெரியவள் சட்டப்படி அடுப்படிக் கதவில் நின்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு. சின்னவள் மெல்லிய குரலில் சொன்னதின் சாரம் இதுதான். எந்த வீட்டிலும் எந்த இரண்டு பேரும் தொடர்ந்து பத்து போட்டதே கிடையாதாம். பெரிய அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நேரில் வருகிறார். ஐக்கியம் உடைந்திருந்தால் இந்த வீட்டை மூடிவிடுவார். பெரியவளுக்கு வேறு ஊர் கிடைக்கும். சின்னவளுக்கு இதுதான் முதல் ஊர், இன்னும் எட்டு மாதம் பாக்கி. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவளை வழியனுப்ப அவர்கள் சபையே பேனர் பிடித்துக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்திருந்ததாம். பாதியில் திரும்பிப் போனால் என்ன பாவம் செய்தாய் என்று ஊரே கேட்கும். மூன்று பையில் சுற்றிய ஒரு டின் கருவாடு என்று எப்படிச் சொல்வாள். அவள் அம்மா அந்தச் சபையில்தான் தரை துடைக்கிற வேலை செய்கிறாராம். தினமும் அத்தனை பேர் முகத்தையும் பார்த்தாக வேண்டும்.

"பெரிய அக்கா எப்பவும் பக்கத்து வீட்டில்தான் கேப்பாங்க ஆண்டி" என்றாள் கடைசியில். "இவங்க ரெண்டு பேரும் எப்படி இருக்காங்கன்னு உங்ககிட்ட கேப்பாங்க."

அவளுக்கு அவள் கவலை. எனக்கு, முன்பின் தெரியாத ஒருத்தர் என்னிடம் கேள்வி கேட்கப் போகிறாரே என்ற கவலை. பொய் சொல்ல எனக்கு வராது. உண்மையும் வாயில் வராது, அது வேறு விஷயம்.

வியாழக்கிழமை அவள் கைப்பேசியோடு வந்தாள். அந்த வாரம் கைப்பேசி அவள் முறை. தாமான் வாட்ஸ்அப் குரூப்பில் போட ஒரு நோட்டீஸ் செய்திருந்தாள். பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுப் பொறுப்பில் இருப்பவள் படத்தைப் போட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். எனவே பெரியவள் படம். வெள்ளைச் சட்டை, சாந்தமான சிரிப்பு. நன்றாக இருக்கட்டும் என்று சுற்றிலும் வெள்ளைப் பூ வைத்து, ஓரத்தில் எரிகிற மெழுகுவர்த்தி ஒன்றும் சேர்த்திருந்தாள். கீழே எழுதியிருந்தது இது:

நமது அன்புச் சகோதரி. தேவனோடு ஐக்கியம். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி. எங்கள் இல்லத்தில். அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளவும்.

நான் அதைப் பார்த்தேன். பெரியவளைப் பார்த்தேன், அடுப்படிக் கதவில் உயிரோடுதான் நின்றுகொண்டிருந்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தேன். சொல்ல வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்தது. இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து படித்த பிள்ளைக்கு ஆறாம் வகுப்புக்காரி திருத்தம் சொல்வதா, அவர்கள் சபையில் அது நல்ல சொல்தானே என்று என் வழக்கப்படி விழுங்கிவிட்டேன்.

"எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல" என்றேன். அது உண்மைதான்.

வெள்ளிக்கிழமை காலையில் நோட்டீஸ் போய்விட்டது. பத்து மணிக்குச் சின்னவள் வேலியோரம் ஓடி வந்தாள். இத்தனை மாதத்தில் அவர்கள் நோட்டீசுக்கு ஒருத்தரும் பதில் போட்டதில்லையாம். இன்றைக்கு முப்பது பேர் கும்பிடுகிற கை போட்டிருக்கிறார்கள். பாதிப் பேர் ஓம் சாந்தி என்று எழுதியிருக்கிறார்கள்.

"சாந்தின்னா சமாதானம்தானே ஆண்டி. எல்லாரும் நமக்குச் சமாதானம் சொல்றாங்க." முகமெல்லாம் சிரிப்பு. நான் வெற்றிலைப் பெட்டியைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டேன். வெற்றிலை போடும் பழக்கம் எனக்குக் கிடையாது.

அன்றைக்குப் பார்த்து அதற்குப் பிறகு இரண்டு பேரும் வெளியே வரவில்லை. பெரிய அக்கா வருகிறார் என்று வீட்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள், பேசாமல்தான். தாமானிலோ பெரியவளுக்கு டெங்கி என்று மத்தியானம் முடிவாகிவிட்டது. ஆஸ்பத்திரி கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்று மூன்று மணிக்கு என் காதிலேயே விழுந்தது.

ஐந்தரை மணிக்கு லாரி வந்தது. எங்கள் தாமானில் மரண சகாயச் சங்கம் ஒன்று இருக்கிறது. யார் வீட்டில் சாவு என்றாலும் கூப்பிடாமலே வந்து பந்தல் போட்டு நாற்காலி இறக்கிவிடுவார்கள். அதன் தலைவர், பெரிய மீசைக்காரர், லாரியிலிருந்து இறங்கினார். அரை மணி நேரத்தில் அந்த வீட்டு வாசலில் பந்தல் எழுந்து, ஐம்பது நாற்காலியும் வந்துவிட்டது. எதிர் வரிசை மலாய்க்காரர் பந்தலைப் பார்த்துவிட்டு, வருகிறவர்களுக்கு இடம் வேண்டுமே என்று தன் காரை எடுத்துக்கொண்டு போய் அடுத்த தெருவில் நிறுத்தினார்.

சின்னவள் வாசலுக்கு வந்து இதையெல்லாம் பார்த்து நின்றாள். பெரியவள் அப்போது குளியலறையில். தேய்த்துக் கழுவிய களைப்புக்குத் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் என் கேட் வரைக்கும் கேட்டது. என் கொல்லைக் கதவு வழியாக நழுவிவிடலாமா என்றுகூட நினைத்தேன். என் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

மீசைக்காரர் அவளிடம் போய், குரலைத் தாழ்த்தி, "எப்பம்மா எடுக்கிறீங்க?" என்று கேட்டார்.

சின்னவள் போட்டோ எடுப்பதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள். "ஜொகூர் பாருவிலிருந்து பெரிய அக்கா வரணும். வந்த பிறகு எல்லாரும் சேர்ந்து நின்னு எடுப்போம்" என்றாள், சிரித்த முகத்தோடு.

மீசைக்காரர் தன் ஆட்களிடம் வந்து, அதிர்ச்சியில இருக்கு லா அந்தப் பொண்ணு, யாரும் ஒண்ணும் கேக்காதீங்க என்று சொல்லிவிட்டார்.

ஆறு மணிக்கெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பெண்கள் வெள்ளைப் புடவையில், கையில் மைலோ டின், ரொட்டிப் பொட்டலம். இரண்டு பேர் மாலை கொண்டுவந்தார்கள். நாற்பது பேருக்குக் குறையாது. இந்த வீட்டுக் கதவைத் தட்டினால் ஆள் இல்லை என்று உள்ளேயிருந்தே சத்தம் கொடுத்தவர்களும் அதில் இருந்தார்கள். எல்லோரும் நேராகச் சின்னவளிடம் போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்கள் சபையில் மனம் உருகி அழுவது ரொம்ப உயர்ந்த காரியம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். அவளும் சேர்ந்து அழுதாள்.

அழுகைக்கு நடுவில் பெரியவளைப் பற்றி நல்ல நல்ல விஷயமாக வந்தது. மூலை வீட்டுக் கிழவர் வழுக்கி விழுந்தபோது அவரை முதுகில் சுமந்துகொண்டு கிளினிக்குக்கு நடந்தவள் அவள்தான். தன் பேரனுக்கு ஆங்கில எழுத்து வராதபோது முப்பது நாள் தனியாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள் என்று இன்னொருத்தி சொன்னாள். என் கேஸ் சிலிண்டர் தோம்பைத் தூக்கி வந்து வைத்தவளும் அவள்தான், அதை நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். உயிரோடு இருந்தபோது அந்தப் பிள்ளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் மூன்று பேர் இருந்தால் அதிகம்.

கடைசியாக எதிர்வீட்டம்மா சின்னவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "இனிமே உனக்கு இங்க யாரு இருக்கா. கண்ணு மறைவா விட மாட்டியே அவள" என்று தேம்பினார்.

சின்னவள் முகத்தில் சிரிப்பு மறைந்தது. அந்தம்மா தோளுக்கு மேலே பார்த்தாள். பந்தல் துணியில் மரண சகாயச் சங்கம் என்று பெரிதாக எழுதியிருந்தது. மரணம் என்பது சபைத் தமிழிலும் மரணம்தான். மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"ஆண்டி, யார் மரிச்சது?"

மாலை வைத்திருந்தவர் கையிலிருந்த கைப்பேசியைக் காட்டினேன். பெரியவள் படம், வெள்ளைப் பூ, மெழுகுவர்த்தி.

அவள் ஒரு நொடி அதைப் பார்த்தாள். நாற்பது பேர் அழும்போது, தனக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. விழுந்தடித்து உள்ளே ஓடினாள். கதவை இரண்டு கையாலும் அடிக்கிற சத்தம் வாசல் வரைக்கும் வந்தது. அக்கா, அக்கா என்று கத்தினாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து பெரியவளுக்குப் போன முதல் வார்த்தை அது.

கதவு திறந்தது.

"என்ன?" என்றாள் பெரியவள்.

"நீ இருக்கிறாயா?"

"இருக்கிறேன்."

"மீன் பரவாயில்லை" என்று சொல்லி அவள் மேலே சாய்ந்து அழுதாள். பெரியவளுக்குத் தலை கால் புரியவில்லை. தலையில் வெள்ளைத் துண்டு, மேலே வெள்ளை நீள அங்கி, ஈரம் சொட்டச் சொட்ட, என்ன சத்தம் என்று பார்க்க வாசலுக்கு வந்தாள்.

பந்தலுக்குள் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். மாலை ஒன்று கீழே விழுந்தது. அலமாக் என்றார் மீசைக்காரர், மெதுவாகத்தான். அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

"உங்கள் யாவருக்கும் சமாதானம்" என்றாள் பெரியவள்.

எதிர்வீட்டம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஐக்கியம் என்றால் எங்கள் சபையில் கூட்டம் என்று சின்னவள் விளக்கினாள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. ஐக்கியம் என்றால் கூட்டமாம் லா, கூட்டமாம் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அழுத கண்ணையும் சிரித்த கண்ணையும் ஒரே முந்தானையால் துடைத்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ஜொகூர் பாருவிலிருந்து கார் வந்து நின்றது.

பெரிய அக்காவுக்குத் தமிழ் தெரியாது. காரை விட்டு இறங்கியவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும். பந்தல், ஐம்பது நாற்காலி, நாற்பது பேர், எல்லோர் கண்ணிலும் ஈரம், எல்லோர் முகத்திலும் சிரிப்பு. நடுவில் இவருடைய இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

ஆனாலும் கெட்டிக்காரர். சுற்றிப் பார்த்துவிட்டு, கேட்டோடு ஒட்டிக்கொண்டு நின்ற என்னிடம்தான் வந்தார். பக்கத்து வீடா என்று மலாயில் கேட்டார். தலையை ஆட்டினேன். இவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள் எப்படி இருக்கிறார்கள், உண்மையைச் சொல்லுங்கள் ஆண்டி என்றார். அவர் தோளுக்குப் பின்னால் சின்னவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது அவளுக்கு.

புதன்கிழமையிலிருந்து நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பதில் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆறாம் வகுப்பில் வாத்தியார் என்னை எழுப்பி நிறுத்திக் கேட்டபோதும் இப்படித்தான் நின்றேன். நேற்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பந்தலே வந்திருக்காது என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் வாய் திறந்தது.

எனக்குத் தெரிந்த எஸ்டேட் மலாயில் சொன்னேன். "தினமும் விடிகாலையில ஒருத்திக்காக ஒருத்தி சாமிகிட்ட வேண்டிக்கிறாங்க. முக்கால் மணி நேரம். என் காதால கேக்கிறேன்."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பெரிய அக்கா கண் கலங்கிவிட்டார். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். பெரியவள் தரையைப் பார்த்தாள். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டை மூடுகிற பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை.

வந்தவர்களும் போகவில்லை. பந்தல் போட்டாயிற்று, மைலோ கலக்கியாயிற்று, உட்கார்ந்துவிட்டே போகலாம் என்றார்கள். பெரிய அக்கா பாட்டுப் பாடினார். மீசைக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டார். கடைசியில் சின்னவள் சொன்னபடியே எல்லோரும் சேர்ந்து நின்று எடுத்தார்கள். அந்தப் படம் அவர்கள் தலைமை இடத்துக்குப் போய், பத்திரிகையில் வந்தது என்று பிறகு எனக்குக் காட்டினார்கள். மலேசியாவில் ஆன்மிக எழுப்புதல் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்ததாம். படத்தில் எல்லார் தலைக்கும் மேலே மரண சகாயச் சங்கம் என்று பளிச்சென்று தெரிகிறது.

மறுநாள் விடிகாலை பிளக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் எட்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பிறகு சட்டியை யார் கழுவுவது என்று இரண்டு பேரும் நேருக்கு நேராகச் சண்டை போட்டார்கள். கருவாடு இனிமேல் என் அடுப்படியில்தான் பொரிப்பது என்று முடிவாயிற்று. சின்னவள் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவாள். பெரியவள் கண்ணுக்கு மறையாமல் கேட்டுக்கு வெளியே மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஐக்கியத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. மனசு கேட்காமல் நான் போனேன். பத்து நாற்காலியில் சுவரோரம் ஒன்றில் உட்கார்ந்தேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம் ஆண்டி என்று சின்னவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். பாட்டு முடிந்து அமைதியானபோது எங்கேயோ வானொலிச் செய்தி தெளிவாகக் கேட்டது. யார் வீட்டில் என்று பார்த்தேன். என் காதோரம் ஒரு பிளக்கு. நான் அணைக்காமல் விட்டு வந்த என் வானொலிதான்.

அதுவரைக்கும் சுவருக்கு ஒரே ஒரு பக்கம்தான் காது உண்டு என்று நான் எப்படி நினைத்திருந்தேனோ தெரியவில்லை.

"உங்க ஜெபமும் எங்களுக்குக் கேக்கும் ஆண்டி. தினமும் காலையில" என்றாள் சின்னவள்.

பெரியவள் எழுந்து நின்றாள். கையைக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டாள். விடிகாலையில் நான் முணுமுணுப்பதையே, சபைத் தமிழ் ஒரு சொல் கலக்காமல் சுத்தமாகச் சொன்னாள்.

"ஆத்தா, இந்த ரெண்டு பொண்ணுங்களோட வாயக் கட்டு. என் காது புளிச்சுப் போச்சு."

சின்னவள் ஆமென் என்றாள்.